போன பொருள் திரும்பி வரும் வழி

ஒரு பொருள் நம் வீட்டுக்கு எப்படி வந்து சேருகிறது என்பது நம் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். சுரங்கத்தில் வெட்டிய தாது உலைக்குப் போகிறது. உலையில் உருகி வந்த உலோகம் தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கே அது ஒரு பொருளாக உருவெடுத்து, மொத்த வியாபாரியிடமும் பிறகு சில்லறைக் கடைக்கும் வந்து, கடைசியில் நம் கைக்குக் கிடைக்கிறது. ஒன்றை ஒன்று தொட்டுத் தொடரும் இந்த ஏற்பாட்டை 'வழங்கல் சங்கிலி' என்று அழைக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பொருள் பழுதடைந்து, பயன் தீர்ந்த பிறகு எங்கே போகிறது? இந்தக் கேள்வியை நாம் அதிகமாகக் கேட்பதில்லை. தெருக்கோடியில் உள்ள குப்பைத் தொட்டியோடு நம் சிந்தனை நின்றுவிடுகிறது. உண்மையில் பல பொருள்களுக்கு அங்கிருந்துதான் இரண்டாவது பயணம் தொடங்குகிறது. சில பொருள்கள் வந்த வழியே தொழிற்சாலைக்குத் திரும்பி, மீண்டும் புதுப் பொருளாக நம்மிடம் வருகின்றன. இந்தத் திரும்பும் பாதை எப்படி அமைகிறது, அது செம்மையாக நடக்க என்ன வேண்டும், தவறாக நடந்தால் என்ன கேடு விளையும் என்பவற்றை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

காரைக்குடியில் ஒரு கடைத்தெரு

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள காரைக்குடிக்கு நீங்கள் போனால் முனீஸ்வரன் கோவில் தெருவைப் பார்க்கத் தவறாதீர்கள். பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ள தெரு அது. தேக்குமரத் தூண்கள், செதுக்கு வேலைப்பாடுள்ள நிலைகள், பித்தளைக் குமிழ் பதித்த கதவுகள், எனாமல் பாத்திரங்கள், பீங்கான் ஜாடிகள், பழைய கண்ணாடிகள் என்று பலவும் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இவை எல்லாம் ஏதோ ஒரு செட்டிநாட்டு வீட்டில் இருந்து வந்தவை.

நகரத்தார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் வட்டித் தொழில் நடத்திப் பெரும் பொருள் ஈட்டினார்கள். அந்தச் செல்வத்தைக் கொண்டு சொந்த ஊர்களில் மாளிகை போன்ற வீடுகளைக் கட்டினார்கள். பர்மாவிலிருந்து தேக்கு மரமும், இத்தாலியிலிருந்து சலவைக் கல்லும் கப்பலில் வந்தன. 1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தமும், 1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்தச் செல்வத்தின் அடித்தளத்தைக் குலைத்துவிட்டன. ஒரு வீட்டுக்குப் பல வாரிசுகள் ஏற்பட்டார்கள். பராமரிக்க இயலாத வீடுகள் பல பிரிக்கப்பட்டன. பிரித்த பாகங்கள் காரைக்குடிக் கடைகள் வழியாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாடுகளுக்கும் போய்ப் புதிய கட்டடங்களில் இடம்பெற்றன.

ஒரு விஞ்ஞான மாணவர் இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நூறு ஆண்டுகள் நின்ற வீட்டின் தூணையும் கதவையும் எப்படி முழுதாக வெளியே எடுக்க முடிந்தது?

இதற்கு விடை, அந்த வீடுகள் கட்டப்பட்ட முறையில் இருக்கிறது. மர வேலையில் ஒரு துண்டின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றொன்றின் துளைக்குள் இறக்கிச் சேர்த்திருப்பார்கள். சேர்த்த வழியிலேயே அதைப் பிரித்துவிடலாம். செங்கல் சுவரிலோ சுண்ணாம்புச் சாந்து இருந்தது. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. சுவரை இடிக்கும்போது சாந்து உதிர்ந்துவிடும், செங்கல் தப்பிவிடும். இன்று நாம் பயன்படுத்தும் சிமெண்டுச் சாந்து பெரும்பாலும் செங்கல்லைவிட உறுதியானது. ஆகவே இடிக்கும்போது செங்கல்தான் உடைகிறது, சாந்து விடுவதில்லை.

ஒரு பொருள் திரும்பப் பயன்படுமா என்பது அது குப்பைக்குப் போகும் நாளில் முடிவாவதில்லை. அதைச் செய்யும் நாளிலேயே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. திருகாணி போட்டு மூடிய கருவியைத் திறந்து பழுது பார்க்கலாம். பசை போட்டு ஒட்டிய கருவியை உடைக்கத்தான் முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரித்து விற்ற தூண் வேறொரு வீட்டில் தூணாக நிற்பது நல்லதுதான். ஆனால் அந்த வீடு முழுதாக நின்றிருந்தால் அதைவிட நல்லது. செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உத்தேச உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியலில் இடம்பெறுவது ஊரும் வீடும்தான். தனித் தனித் தூண்கள் அல்ல. ஆகவே திரும்பும் பொருளுக்கு ஒரு படிவரிசை உண்டு. முதற்படி, உள்ளபடியே நெடுநாள் பயன்படுத்துவது. இரண்டாவது, பழுது பார்ப்பது. மூன்றாவது, பாகங்களைப் பிரித்து மற்றொன்றில் பொருத்துவது. நான்காவது, உருக்கியோ அரைத்தோ மூலப்பொருளாக்குவது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் அந்தப் பொருளுக்குள் அடங்கியிருந்த மனித உழைப்பில் ஒரு பகுதியை இழக்கிறோம். தூணை விறகாக்கினால் தச்சனின் செதுக்கு வேலை முழுவதும் சாம்பலாகிவிடுகிறது அல்லவா?

குழாயும் ஊருணியும்

கடையிலிருந்து வீட்டுக்கு வருவதும், வீட்டிலிருந்து கடைக்குத் திரும்புவதும் ஒரே பாதைதானே, திசை மட்டும்தானே வேறு என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி அன்று.

வழங்கல் சங்கிலி ஊர்க் குடிநீர்க் குழாயைப் போன்றது. ஒரே தொட்டியிலிருந்து நீர் புறப்பட்டுப் பல வீடுகளுக்குப் பிரிந்து செல்கிறது. எவ்வளவு விடவேண்டும், எப்போது விடவேண்டும் என்பதைத் தொட்டிக்காரர் தீர்மானிக்கலாம். திரும்பும் பாதையோ செட்டிநாட்டு ஊருணியைப் போன்றது. அங்கே கூரை மீது விழுந்த மழைநீர் முற்றத்தில் இறங்கி, வாய்க்கால் வழியே தெருவைக் கடந்து, பல வீடுகளின் நீரோடு கலந்து ஊருணியைச் சேரும்படி அமைத்திருந்தார்கள். நீர் பல இடங்களிலிருந்து துளித் துளியாக வருகிறது. எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வாய்க்காலில் ஓரிடத்தில் அடைப்பு ஏற்பட்டால் அந்தப் பகுதியின் நீர் வீணாகிவிடும்.

திரும்பும் பொருளின் தொல்லைகளும் இவைதாம். அது எப்போது வரும் என்று தெரியாது. எங்கிருந்து வரும், எத்தனை வரும் என்பதும் தெரியாது. எந்த நிலையில் வரும் என்பது எல்லாவற்றையும்விடத் தெரியாது. ஆகவே திரும்பும் பாதையில் மூன்று வேலைகள் தவறாமல் நடக்க வேண்டும். சேகரித்தல் ஒன்று; சோதித்துத் தரம் பிரித்தல் ஒன்று; தரத்துக்கு ஏற்ற இடத்துக்கு அனுப்புதல் ஒன்று.

இம்மூன்றும் ஒழுங்காக நடப்பதற்கு உதாரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. எரிவாயு சிலிண்டரைப் பாருங்கள். காலி சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிரப்பியது கிடைக்கும். கொண்டுவந்த வண்டியே காலியை ஏற்றிச் செல்கிறது. சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். எழுத்து ஆண்டின் எந்தக் காலாண்டு என்பதையும், எண் எந்த ஆண்டு என்பதையும் குறிக்கும். அந்தக் காலம் வந்ததும் சிலிண்டரை மீண்டும் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது பொருள். இன்றே உங்கள் வீட்டுச் சிலிண்டரில் அதைத் தேடிப் பாருங்கள்.

சேமக்கலத்தின் பயணம்

இப்போது இன்னும் நுட்பமான ஓர் உதாரணத்துக்கு வருவோம். அது பட்டறைகளில் 'பாட்டரி' என்று வழங்கும் காரீய-அமிலச் சேமக்கலம். கார், பேருந்து, டிராக்டர், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றிலும், மின்வெட்டின்போது விளக்கெரிக்கும் இன்வெர்ட்டரிலும் இது இருக்கிறது.

இதைப் பற்றிப் பேசக் காரைக்குடி பொருத்தமான ஊரும் ஆகும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுக்க முன்வந்ததால், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில் அமைந்தது. 1948 ஜூலை 25ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். உலோக அரிப்பு, மின்முலாம், சேமக்கலம் முதலிய துறைகளில் அங்கே ஆராய்ச்சிகள் நடந்துவருகின்றன.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஈயம் என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வெவ்வேறு உலோகங்களை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். சேமக்கலத்தில் உள்ளது காரீயம். இது நச்சு உலோகம். இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளக் கூடாது.

காரீய-அமிலச் சேமக்கலத்தை 1859இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். அதில் ஒரு தகடு காரீயம். மற்றொன்று காரீய டைஆக்சைடு. இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். மின்னோட்டம் எடுக்கும்போது இரண்டு தகடுகளின் மீதும் காரீய சல்பேட் படிகிறது. அமிலம் செறிவு குறைந்து நீராகிக்கொண்டு வருகிறது. மின்னேற்றம் செய்யும்போது இது தலைகீழாக நடந்து தகடுகள் பழைய நிலையை அடைகின்றன. ஒரு கலம் சுமார் 2 வோல்ட் தரும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட்.

அப்படியானால் சேமக்கலம் ஏன் சாகிறது? மின்னேற்றம் செய்யாமல் நெடுநாள் விட்டுவைத்தால் காரீய சல்பேட் பெரிய, கடினமான படிகங்களாக வளர்ந்துவிடுகிறது. பிறகு அது எளிதில் கரைவதில்லை. தகடுகளைத் தாங்கும் காரீயச் சட்டம் நாளடைவில் அரித்துப் போகிறது. அதில் அப்பிய பசை உதிர்ந்து அடியில் வண்டலாகப் படிகிறது. சில ஆண்டுகளில் சேமக்கலம் பயனற்றதாகிவிடுகிறது.

ஆனால் கவனியுங்கள். காரீயம் எங்கும் போய்விடவில்லை. பெட்ரோல் எரிந்து புகையாகிவிடுவதுபோல் அது மறைந்துவிடுவதில்லை. சேமக்கலத்தின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் காரீயம். செத்த சேமக்கலத்திலும் அதே காரீயம் அப்படியே இருக்கிறது. அதன் வேதி வடிவம் மட்டுமே மாறியிருக்கிறது. இதனால்தான் பழைய பாட்டரிக்குக் கடைக்காரர் விலை கொடுக்கிறார். பழைய பித்தளைப் பாத்திரத்தை எடைக்குப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்கும் நம் வீட்டு வழக்கம் போன்றதே இது.

உலையில் நடப்பது

ஒழுங்கான மறுசுழற்சித் தொழிற்சாலைக்குள் ஒரு பழைய சேமக்கலம் போனால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் அமிலத்தை வடித்து, சுண்ணாம்பு போன்ற காரப் பொருளால் நடுநிலையாக்குகிறார்கள். பிறகு மூடிய இயந்திரத்தில் சேமக்கலம் நொறுக்கப்படுகிறது. நொறுங்கிய கலவையை நீர்த் தொட்டியில் விடுகிறார்கள். பெட்டி செய்யப்பட்ட பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கின் அடர்த்தி நீரைவிடக் குறைவு, அது மிதக்கிறது. காரீயம் நீரைவிட 11 மடங்குக்கு மேல் அடர்த்தியானது, அது மூழ்குகிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதியே இங்கே பொருள்களைத் தரம் பிரித்துத் தருகிறது. பிளாஸ்டிக்கைக் கழுவி உருக்கி மீண்டும் சேமக்கலப் பெட்டியாக வார்க்கலாம்.

அடியில் தங்கிய பசையில் காரீய சல்பேட் மிகுதி. இதை அப்படியே உலையில் இட்டால் கந்தக டைஆக்சைடு வாயு எழுந்து காற்றைக் கெடுக்கும். ஆகவே பல தொழிற்சாலைகளில் முதலில் சோடியம் கார்பனேட்டுடன், அதாவது சலவைச் சோடாவுடன், சேர்த்துக் கலக்குகிறார்கள். கந்தகம் சோடியம் சல்பேட்டாகப் பிரிந்து நீரில் கரைந்துவிடுகிறது. காரீயம் கார்பனேட்டாக நிற்கிறது. சோடியம் சல்பேட்டும் வீணாவதில்லை. சலவைத் தூள், கண்ணாடித் தொழில்களுக்கு அது பயன்படும்.

பிறகு சுழலும் உலையில் கரியுடன் சேர்த்து உருக்குகிறார்கள். கரி ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, உலோகக் காரீயம் உருகி அடியில் தேங்குகிறது. கசடு மேலே மிதக்கிறது. உலையிலிருந்து எழும் புகையைத் துணிப்பை வடிகட்டிகள் வழியாகச் செலுத்தி, அதிலுள்ள காரீயத் தூசைப் பிடித்து மீண்டும் உலைக்கே அனுப்புகிறார்கள். கடைசியாகச் செம்பு, ஆன்டிமனி போன்ற கலப்புகளை நீக்கினால் தூய காரீயம் கிடைக்கிறது.

இவ்வாறு கிடைத்த காரீயத்துக்கும் இராஜஸ்தான் சுரங்கத் தாதுவிலிருந்து எடுத்த காரீயத்துக்கும் அணு அளவில் எந்த வேற்றுமையும் இல்லை. காகிதத்தை மறுசுழற்சி செய்தால் இழைகள் குட்டையாகித் தரம் குறையும்; உலோகத்துக்கு அந்தக் குறை கிடையாது. உலகில் உற்பத்தியாகும் காரீயத்தில் பாதிக்கு மேல் இன்று பழைய பொருள்களிலிருந்தே எடுக்கப்படுகிறது. வேறெந்தப் பெரும் தொழில் உலோகத்திலும் இந்த அளவு விகிதத்தைக் காண்பது அரிது.

ஒரு சிறு கணக்கு

திரும்பும் பாதையின் பயனைப் பள்ளிக் கணிதம் கொண்டே அளந்துவிடலாம். ஒரு சுற்றில் புறப்பட்ட பொருளில் எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்பதைத் திரும்பும் விகிதம் என்போம். 100 கண்ணாடிப் பாட்டில்கள் புறப்பட்டு 90 திரும்பினால் விகிதம் 0.9. அடுத்த சுற்றில் 81 திரும்பும். அதற்கடுத்து ஏறத்தாழ 73. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் அது ஒரு பெருக்குத் தொடர். அதன் கூடுதல், 1ஐ, விகிதம் கழித்த 1ஆல் வகுப்பதற்குச் சமம். 0.9க்கு இது 10. அதாவது ஒரு பாட்டில் சராசரியாக 10 முறை பயன்படுகிறது. 95 திரும்பினால் 20 முறை. 99 திரும்பினால் 100 முறை!

90இலிருந்து 99க்கு உயர்வது பார்ப்பதற்குச் சிறிய முன்னேற்றம். பயனோ பத்து மடங்கு.

இதையே சேமக்கலத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். பழைய சேமக்கலங்களில் 90 சதவீதம் சேகரிக்கப்படுவதாகவும், நொறுக்கிப் பிரிப்பதில் 98 சதவீதமும், உலையில் 97 சதவீதமும் காரீயம் தப்புவதாகவும் வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 0.856. ஒரு கிலோ காரீயம் சராசரியாக 7 சேமக்கலங்களில் வாழும். உலையை மாற்றாமல், சேகரிப்பை மட்டும் 99 சதவீதமாக்கினால் பெருக்குத்தொகை 0.941 ஆகிறது, காரீயம் 17 சேமக்கலங்களில் வாழ்கிறது. சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமானதோ அதைத்தான் முதலில் வலுப்படுத்த வேண்டும். இந்தக் கணக்கில் அந்தக் கண்ணி உங்கள் வீட்டுக்கும் கடைக்கும் இடையில் இருக்கிறது.

சேகரிப்பதற்கும் செலவு உண்டு. ஒரு வண்டி ஊருக்கு வந்துபோக 600 ரூபாய் ஆகுமென்று கொள்வோம். 2 சேமக்கலங்களை ஏற்றிச் சென்றால் ஒன்றுக்கு 300 ரூபாய். 30 ஏற்றினால் 20 ரூபாய். ஆகவே பலரிடமிருந்து வருவதை ஓரிடத்தில் சேர்த்துவைப்பவர் மிகவும் வேண்டியவர். புதுச் சேமக்கலம் கொண்டுவந்த வண்டி வெறுமனே திரும்பாமல் பழையதை ஏற்றிக்கொண்டால் செலவு இன்னும் குறையும். சிலிண்டர் வண்டி செய்வதும் இதுவே.

தவறான வழி

இதுவரை சொன்னதைப் படித்தால், காரீயம் விலையுள்ள பொருளாதலால் அது தானாகவே திரும்பிவிடும், நாம் கவலைப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த விலையே ஓர் ஆபத்தையும் உண்டாக்குகிறது.

காரீயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். இரும்பை யாரும் கொல்லைப்புறத்தில் உருக்க முடியாது. காரீயத்தை விறகடுப்பிலும் உருக்கலாம். ஆகவே பல நாடுகளில், நம் நாட்டிலும், குடியிருப்புகளுக்கு நடுவே சேமக்கலத்தைச் சம்மட்டியால் உடைத்து, அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றி, தகடுகளைத் திறந்த அடுப்பில் உருக்கும் தொழில் நடக்கிறது. இவர்களுக்கு வடிகட்டி இல்லை, கழிவுநீர்ச் செலவு இல்லை. ஆகவே பழைய பாட்டரிக்கு ஒழுங்கான தொழிற்சாலையைவிட அதிக விலை கொடுக்கவும் இவர்களால் முடிகிறது. அந்தக் கூடுதல் விலையை உண்மையில் கொடுப்பவர்கள் அக்கம்பக்கத்துக் குழந்தைகள்.

காரீயம் உடலில் கால்சியத்தைப்போல் நடித்து எலும்புக்குள் புகுந்து தங்கிவிடும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஒரே அளவு காரீயத்தை விழுங்கினாலும், பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நாலைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இதுவரை அறியப்படவில்லை.

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில் தக்கார் நகருக்கு அருகே தியாரோய் சூர் மேர் என்றொரு பகுதி உண்டு. அங்கே பழைய சேமக்கலங்களை உடைத்து உருக்கிவந்தார்கள். மண்ணில் காரீயம் கலந்தது. காரீயத்தின் விலை ஏறியபோது மக்கள் அந்த மண்ணையே தோண்டிச் சலித்து விற்கத் தொடங்கினார்கள். தூசு வீடுகளுக்குள் புகுந்தது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தன. 2020இல் யுனிசெஃப், பியூர் எர்த் என்ற அமைப்புடன் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு, அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளுக்கு, இரத்தத்தில் காரீயம் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பதாக மதிப்பிட்டது. அதற்கான முக்கிய காரணங்களில் ஒன்றாகச் சேமக்கலங்களை முறைகேடாக உருக்குவதை அது குறிப்பிட்டது.

ஆகவே பொருள் திரும்பினால் மட்டும் போதாது. எந்த வழியில் திரும்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சரியான வழியில் திருப்புவது எப்படி?

இதற்கு இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று காசு, மற்றொன்று பொறுப்பு.

காசு என்பது முன்வைப்புத் தொகை. அந்தக் காலத்துச் சோடாக் கடையில் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும் வரை கடைக்காரர் நம்மை விடமாட்டார். அந்த வழக்கத்தைத் தமிழ்நாட்டில் அண்மையில் மீண்டும் காண்கிறோம். நீலகிரி மலைகளில் வீசியெறிந்த மதுப் பாட்டில்கள் உடைந்து காட்டு விலங்குகளின் கால்களைக் காயப்படுத்தின. சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டதன் விளைவாக, 2022ஆம் ஆண்டில் அம்மாவட்ட அரசு மதுக்கடைகளில் பாட்டில் ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அந்தத் தொகையைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. பின்னர் அது வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. கண்ணாடியின் மதிப்பு மிகச் சிறியது. அதனால் அது தானாகத் திரும்பாது. 10 ரூபாய் அதற்குக் கால்களைக் கொடுத்தது.

பொறுப்பு என்பது சட்டம். நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு வந்த சேமக்கல விதிகள், புதுச் சேமக்கலம் விற்பவர் பழையதை வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்குத் தள்ளுபடி தரவேண்டும், பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கே அதை அனுப்பவேண்டும் என்று கூறின. 2022 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் எல்லா வகைச் சேமக்கலங்களுக்கும் பொருந்தும். பொருளைச் செய்து விற்றவரே அது பயன் தீர்ந்த பின்னும் அதற்குப் பொறுப்பு என்பது இவற்றின் அடிப்படை. புதுச் சேமக்கலங்களில் மறுசுழற்சியான பொருள் ஒரு குறிப்பிட்ட பங்காவது இருக்க வேண்டும் என்றும் இவை வற்புறுத்துகின்றன.

இந்த இரண்டாவது கருவிக்கு ஒரு நல்ல விளைவு உண்டு. பொருள் தன்னிடமே திரும்பி வரும் என்று தெரிந்த உற்பத்தியாளர், அதை எளிதில் பிரிக்கத் தக்கதாகச் செய்ய முற்படுவார். கழுந்தும் துளையும் வைத்த செட்டிநாட்டுத் தச்சரைப் போல அவரும் யோசிக்கத் தொடங்குவார்.

அடுத்து வரும் சோதனை

காரீய-அமிலச் சேமக்கலம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழகிய பொருள். எந்தக் கம்பெனி செய்தாலும் உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றே. இப்போது கைப்பேசியிலும் மின்சார ஸ்கூட்டரிலும் இருப்பவை லிதியம்-அயனிக் கலங்கள். இவை 1991இல்தான் விற்பனைக்கு வந்தன. இவற்றில் பல வகை. சிலவற்றில் கோபால்ட்டும் நிக்கலும் இருக்கின்றன. சிலவற்றில் இரும்பும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்து வேறுபாடு அறிவது கடினம். பல அடுக்குகளில் கலங்களைப் பசையிட்டு இறுக்கியிருப்பார்கள். மின்னேற்றம் எஞ்சியிருக்கும்போது உடைத்தால் தீப்பற்றிக்கொள்ளும்.

ஆயினும் இவற்றுக்கு ஒரு வசதி உண்டு. ஸ்கூட்டருக்குப் போதாது என்று கழித்த கலத்தில் பெரும்பாலும் கணிசமான கொள்ளளவு மிஞ்சியிருக்கும். வண்டியை ஓட்ட அது போதாவிட்டாலும், சூரிய ஒளி மின்சாரத்தைப் பகலில் சேமித்து இரவில் விளக்கெரிக்கப் போதும். சோதித்துத் தரம் பிரித்து, நல்லவற்றை இவ்வாறு இரண்டாம் வாழ்வுக்கு அனுப்பலாம். மற்றவற்றை நொறுக்கி, கிடைக்கும் கறுப்புத் தூளை அமிலத்தில் கரைத்து, கோபால்ட், நிக்கல், லிதியம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரிக்கலாம். கரைசலிலிருந்து உலோகத்தை மின்னோட்டத்தால் படியவைப்பது மின்வேதியியலின் பழைய வேலை. இந்தத் துறையில் செய்யவேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. இன்று பள்ளியில் வேதியியல் படிக்கும் உங்களில் சிலர் நாளை அதைச் செய்யக்கூடும்.

நீங்கள் செய்யத்தக்கவை

உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரியையோ வண்டி பாட்டரியையோ மாற்றும்போது பழையதை யாரிடம் கொடுக்கிறீர்கள்? தெருவில் வருபவர் நூறு இருநூறு ரூபாய் அதிகமாகத் தரலாம். அது எங்கே போகிறது என்று அவரைக் கேளுங்கள்; விடை கிடைக்காவிட்டால் கொடுக்காதீர்கள். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதற்கான தள்ளுபடியைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பாட்டரியை ஒருபோதும் கவிழ்க்கவோ உடைக்கவோ வேண்டாம். அமிலத்தை ஊற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று யாராவது சொன்னால், அவர் ஒழுங்கான வழியில் அனுப்புபவர் அல்லர் என்று தெரிந்துகொள்ளுங்கள். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய கைப்பேசிகளையும் குப்பையில் போடாமல், திரும்பப் பெறும் கடைகளில் சேர்ப்பியுங்கள்.

மாணவர்கள் ஒரு சிறு ஆய்வும் செய்து பார்க்கலாம். உங்கள் தெருவில் உள்ள இருபது வீடுகளில், கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பாட்டரிகள் மாற்றப்பட்டன, பழையவை யாரிடம் போயின என்று விசாரித்து அட்டவணை போடுங்கள். அவற்றில் எத்தனை கடைக்குத் திரும்பின என்று கண்டுபிடித்து, மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். ஒரு கிலோ காரீயம் உங்கள் தெருவில் எத்தனை முறை வாழ்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த எண் சிறியதாக இருந்தால், மிச்சக் காரீயம் எந்த அடுப்பில் உருகுகிறது என்று அடுத்தபடியாக உங்கள் ஆசிரியருடன் சேர்ந்து விசாரியுங்கள்.